என் மனைவி கூப்பிட ஒரு பெயர்

என் மூத்த மகனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வடசேரிச் சந்தையிலிருந்து குளச்சல் வரைக்கும் அந்தப் பெயருக்கு அவன் ஒருவன்தான். எழுதினால் ஆள் தெரிந்துவிடும். அவன் இன்று பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த மனிதன், எனக்கு எதற்கு வம்பு. என் அப்பாவின் பெயரை எழுதலாம். எழுதினாலும் யாரென்று ஒருவருக்கும் விளங்காது. எங்கள் சபையில் மட்டுமே அந்தப் பெயரில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒன்றை விட்டு ஒன்றை எழுதுவது சரியில்லை என்பதால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

எட்டுப் பேர் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அந்தப் பெயரைச் சொல்லி, இன்னார் காய்ச்சலில் கிடக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னது மேலத்தெருக்காரரை. மத்தியானம் எங்கள் வீட்டு முற்றத்தில் கஞ்சிச் சட்டியோடு இரண்டு பெண்கள் துக்க முகத்தோடு வந்து நின்றார்கள். அப்பா மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியுமாக உட்கார்ந்திருந்தார். அவர்கள் விழித்ததைப் பார்த்து, “வச்சிட்டுப் போங்க பிள்ளைகளா, அவனுக்கு வேற காய்ச்சிக் கொண்டுபோவலாம்” என்று சட்டியை வாங்கிக்கொண்டார். அப்பாவுக்குத் தன் பெயர் எல்லோருக்கும் இருப்பதில் பெருமை. “எனக்க பேரைச் சொன்னா சந்தையில பத்துபேரு திரும்புவான். ஒத்தையா நிக்காண்டாம். அது ஒரு பலம்லே” என்பார்.

மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர் என்பது எங்களுக்குள் கேட்டுச் செய்கிற காரியமே அல்ல. எனக்கு அப்பாவின் அப்பா பெயர். அப்படியே இறங்கி வரும். என் மகன் பிறந்த அந்த ஐப்பசி மழையில், ஆண்பிள்ளை என்று மருத்துவச்சி உள்ளேயிருந்து சொன்னதும், அப்பா வெளியே நனைந்துகொண்டே நின்று, “ஏலே, நான் பொறந்தாச்சு!” என்று கத்தினார். பக்கத்து வீட்டார் விளக்கு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

பத்து நாள் கழித்து என் மனைவி மெல்லப் பேச்சை எடுத்தாள்.

“இஞ்ச பாருங்க. பிள்ளைக்கு மாமாவுக்க பேருதானா?”

“பின்ன? அதுதானே முறை.”

“அப்பம் நான் எப்பிடிக் கூப்பிடுவேன்?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். எங்கள் குடும்பம் சபையில் சேர்ந்து மூன்று தலைமுறை ஆகியும் இது மட்டும் மாறவில்லை. என் மனைவி மிஷன் விடுதியில் தங்கி ஏழாம் வகுப்பு வரை படித்தவள். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆகையால் குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிப்பது அவள்தான். தண்ணீராக வாசிப்பாள். அப்பாவின் பெயர் வருகிற இடத்தில் மட்டும் பெயரை விட்டுவிட்டு, “மாமாவுக்க பேரு” என்று சொல்லி மேலே போவாள். அப்போஸ்தலர்களில் ஒருவர் எங்கள் வீட்டில் அந்தப் பெயரில்தான் நடமாடிக்கொண்டிருந்தார். அப்பா கண்ணை மூடியபடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

“நான் பெத்த பிள்ளையை ஆயுசுக்கும் ‘ஏலே’ன்னு கூப்பிடணும்” என்றாள். “எருமையையும் அப்பிடித்தான் கூப்பிடுகேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் கண் நிறைந்திருந்தது.

அவள் ஏற்கெனவே ஒரு பெயரைக் கண்டுவைத்திருந்தாள். பழைய ஏற்பாட்டில் தென்னை ஈர்க்கு வைத்து அடையாளம் செய்திருந்த பக்கத்தைத் திறந்து காட்டினாள். இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று வரிசையாகப் போகும் வம்ச அட்டவணையில் நடுவில் ஒரு பெயர். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். நாக்கு இரண்டு தடவை மடியவேண்டியிருந்தது.

“இது யாருக்கும் கிடையாதே” என்றேன்.

“அதுக்குத்தானே” என்றாள்.

அன்று தொடங்கியது என் சங்கடம். நான் எதற்கும் பயப்படுகிறவன். வண்டியில் வாழைக்குலை ஏற்றினால் அச்சு முறியுமோ என்று பயம், முறியாவிட்டால் சந்தையில் விற்காமல் போகுமோ என்று பயம். பள்ளிக்கூடத்தில் என் பெயரில் மூன்று பேர் இருந்தோம். வாத்தியார் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டால் மற்ற இருவரில் ஒருவன் எழுந்திருக்கட்டும் என்று குனிந்திருப்பேன். பாதி நாள் அப்படித் தப்பினேன். என் மகனுக்கு அந்த வழியும் அடைபட்டுப் போகுமே! அவன் செய்கிற சிறு குற்றமும் அவன் பெயரோடு ஊர் சுற்றி வருமே!

இன்னொரு பயமும் வந்தது. அந்த மனிதன் வேதத்தில் கடைசியில் என்ன ஆனான்? கல்லெறிந்து கொன்றிருந்தால்? குஷ்டம் பிடித்திருந்தால்? சந்தை முடிந்து வந்து சாயங்கால வெளிச்சம் இருக்கும்வரை அந்தப் புத்தகத்தை விரல் வைத்து வாசித்தேன். ஒரு வாரம் ஆனது. முன்னும் பின்னும் ஒவ்வொரு அதிகாரமாகப் பார்த்துவிட்டேன். அவன் வேறு எங்கும் வரவில்லை. நன்மை செய்ததாகவும் இல்லை, தின்மை செய்ததாகவும் இல்லை. பிறந்தான், ஒரு மகனைப் பெற்றான், அவ்வளவுதான். எனக்கு அவன்மேல் பெரிய பிரியம் உண்டாகிவிட்டது.

“சரி. வைப்போம். அப்பாகிட்ட நான் சொல்லுகேன்” என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

சொல்லவில்லை. மட்டி வாழைக்குலை வெட்டும்போது சொல்லலாமென்று நினைத்தேன். அவர் அன்று சந்தோஷமாக இருந்தார், கெடுப்பானேன் என்று விட்டேன். மறுநாள் முகம் சரியில்லை, அதனால் விட்டேன். அதற்குப் பதிலாக வாழைத்தோட்டத்தில் தனியாக நின்று, பெயர் வாயில் சரளமாக வரவேண்டுமென்று உரக்கச் சொல்லிப் பழகினேன். ஒருநாள் நாலைந்து தடவை கூப்பிட்டுவிட்டுத் திரும்பினால், வரப்பில் அப்பா.

“யாரைலே கூப்பிடுக?”

“யாருமில்ல… மாடு” என்றேன்.

“நம்ம மாட்டுக்கு எப்பம்லே பேரு வச்ச?” என்று கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் மனைவி கேட்டாள், “மாமா என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல” என்றேன். அது பொய் இல்லை.

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது. அப்பா வெளுத்த வேட்டியும் தோளில் நேரியலுமாக முதல் வரிசையில். மனைவி கோடிச்சேலையில், பிள்ளையை ஏந்திக்கொண்டு என் பக்கத்தில். சபைப் போதகரான ஐயர் கிண்ணத்துத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “பிள்ளைக்கு என்ன பெயர்?” என்றார்.

அப்பாவின் முகம் நேர் எதிரே. தோட்டத்தில் அத்தனை தடவை சொன்ன பெயரில் ஒரு எழுத்துகூட வரவில்லை. எதுவோ வெளியே வந்தது. வந்தபிறகுதான் தெரிந்தது, அது அப்பாவின் பெயர்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையை ஐயரிடம் நீட்டவேண்டிய கை மட்டும் நீளாமல் நின்றது. அந்தக் கையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஐயர் குனிந்து கையை நீட்டினார். அப்போது முதல் வரிசையில் அப்பா எழுந்தார்.

“ஐயரே, அது இல்ல. இவன் பேடியில பயந்து சொல்லுகான்.”

பிறகு பெயரைச் சொன்னார். நாக்கு இரண்டு தடவை மடிகிற அந்தப் பெயரை, எழுத்துப் பிசகாமல், ஆலயத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி. பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி, “என்னது, என்னது?” என்று கேட்டாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு முறை சொன்னார். மனைவியின் கை நீண்டது.

ஆராதனை முடிந்து வயல் வழியாக நடந்து வரும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே பேசினார்.

“தோட்டத்தில மாட்டைக் கூப்பிட்டியே, அண்ணைக்கே உபதேசியாரிட்ட கேட்டேன். வேதத்தில உள்ள பேருதான்னு சொன்னாரு. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். எங்க!”

“தப்பு அப்பா.”

அவர் வரப்பில் ஏறி நின்று திரும்பினார்.

“உனக்க அம்மை உன்னை ஒருநாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. அறிவியா?”

யோசித்துப் பார்த்தேன். அம்மா இறந்து அப்போது ஆறேழு வருடம் இருக்கும். அவள் குரல் என் காதில் இருக்கிறது, ஆனால் அதில் என் பெயர் இல்லை; அது அவளுடைய மாமனாரின் பெயர். என் இரண்டு தம்பிகளுக்கும் பெரிய தாத்தாமார்களின் பெயர்கள்; அவற்றையும் அவள் சொன்னதில்லை. மூவருமே அவளுக்கு ‘மக்கா’.

“கடைசியில கெடக்கும்போ ‘மக்கா, மக்கா’ன்னு கூப்பிட்டா. மூணு பேரும் போய் நிண்ணிய. யாரைக் கேட்டாளோ, இன்னும் எனக்குத் தெரியாது” என்றார் அப்பா. “இவளுக்கு அது வேண்டாம்லே.”

வீட்டுக்கு வந்து உண்டு முடித்தபின் முற்றத்தில் அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மனைவி பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காரியம் ஒன்றுமில்லை. சும்மா ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை நீட்டி, ஒரு தடவை அதட்டி.

என் குணம் என்னை விடவில்லை. அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “உங்களுக்கு மனசில வருத்தம் உண்டுமா?” என்று கேட்டேன்.

“உண்டு. இல்லாம இருக்குமா?” என்றார்.

உள்ளே அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அப்பா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார்:

“ஏட்டி மக்களே, பிள்ளை ஒறங்கட்டும். நாளைக்கும் கூப்பிடலாம்!”