மாமா கொண்டுவந்த டிரில்லிங் மிஷின்

என் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்தது ஒரு டிரில்லிங் மிஷின். அதுவும் ஓடாத மிஷின். இப்போது அது என்னிடம் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஓடாமலே இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஏக்கம்தான்.

அம்மா அம்பாசமுத்திரத்துச் சைவக் குடும்பத்துப் பெண். பாளையங்கோட்டை வாத்தியாரை, அதுவும் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டதால் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்றாகிவிட்டது. தாத்தா இறந்தபோதுகூடத் தெருமுனையில் நின்றுதான் பார்த்தாள். ஆனால் தாத்தா கண்மூடும் முன், தன் மிஷினை மகளிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். சிறுமியாக இருந்தபோது அவர் துளை போடும் பலகையை அம்மாதான் பிடித்துக்கொள்வாளாம்.

அதைக் கொண்டுவந்த அன்றுதான் அம்மாவின் அண்ணனை, என் மாமாவை, முதன்முதலாகப் பார்த்தேன். படியில் நின்றபடியே நீட்டினார். பிளக்கைச் சொருகினால் ஒரு சத்தமும் இல்லை. மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று. உருப்படாத சாமானைத் தலையில் கட்ட வந்ததாகத் தங்கை நினைத்துவிடுவாளோ என்று பயந்தார் போலும், உள்ளே வந்து உட்கார்ந்து கழற்றினார். கரண்டைக் கடத்தும் கரித்துண்டு தேய்ந்துபோயிருந்தது. கார்பன் என்பார்கள்.

“ஏளா, அடுத்த ஞாயித்துக்கிழம வாங்கிட்டு வாரேன்” என்றார்.

அந்தக் கம்பெனியே மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. மாமா விடவில்லை. ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு கார்பனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஒன்று குட்டை. தென்காசியில் வாங்கியது உள்ளேயே போகவில்லை. சளைக்காமல் கழற்றி மாட்டுவார். முதலில் தண்ணீர் மட்டும் குடித்தார். பிறகு காப்பி. அப்புறம் ஒருநாள், “வீட்ல மிஷின் வேலைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், பைய போனாப் போதும்” என்று இலையிலும் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் சொதிதான். அந்தக் குழம்புக்குத் தேங்காய்ப்பால் பிழியும்போதே அம்மா எதையோ முணுமுணுத்துப் பாடுவாள். அவள் பாடி அதற்குமுன் நான் கேட்டதில்லை. சாப்பிடும்போது இருவருக்கும் தாத்தா பேச்சுதான். “நீ பிடிச்சாத்தான் துள கோணாதுன்னு அப்பா சொல்லுவாவ” என்பார் மாமா. அம்மா அதை ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்டாள்.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. மச்சான் இப்படி அலைகிறாரே என்ற நல்லெண்ணம். ஒரு சனிக்கிழமை மிக்சி கார்பன் வாங்கிவந்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து மாட்டினார். மிஷின் கத்திக்கொண்டு ஓடியது. நான் குதித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “இப்ப என்ன அவசரம் இதுக்கு?” என்று மட்டும் கேட்டாள். பாராட்டை எதிர்பார்த்திருந்த அப்பா திருதிருவென்று விழித்தார்.

மறுநாள் மாமா செருப்பைக் கழற்றும் முன்பே நான் சேதியைச் சொல்லிவிட்டேன். அவர் சுவிட்சை அழுத்தினார். ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார். “நல்லா ஓடுதே” என்றார். மதுரையிலிருந்து வரவழைத்திருந்த கார்பனை, “கைவசம் இருக்கட்டும்” என்று அம்மாவிடம் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு, “வாரேன்” என்று கிளம்பினார். என்றைக்கு என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறும் அம்மா சொதி வைத்தாள். மதியம் தாண்டியும் எங்களைச் சாப்பிட விடவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். எனக்கு அகோரப் பசி.

“மிஷின்தான் சரியாயிட்டுல்லா, மாமா இனி எதுக்கு வரணும்?” என்று கத்தினேன்.

அம்மா எனக்குச் சோற்றைப் போட்டுச் சொதியை ஊற்றினாள். அன்றைக்கு நல்ல ருசி. மாமாவுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்ததையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.