கருகிய பக்கம்

எங்கள் வாசல் நடையில் ஒரு கம்பளி விரிப்பு தொங்குகிறது. சிவப்பும் கறுப்புமான படிக்கட்டு வடிவங்களின் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு கருகல். அதைக் கடக்கும்போதெல்லாம் மகள் எங்கே நிற்கிறாள் என்று என் கண்கள் தேடும்.

அது எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாமுடையது. இளம் வயதில் அமெரிக்காவில் தாதியாக இருந்தபோது, நவஹோ பழங்குடிப் பெண்ணொருத்தி தன் ஆடுகளின் கம்பளியில் கையால் நெய்ததை அவளிடமே வாங்கினாராம். இரண்டு பக்கமும் ஒரே கோலம். எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. லா சப்பல் பகுதிக்குக் குடிவந்த புதிதில் அதைத் தொடப்போன என்னை, "கை!" என்ற ஒற்றைச் சொல்லால் நிறுத்தினார். மகள் விளையாடப் போனாலும் கழுவிய கையை விரித்துக் காட்டவேண்டும். "எயார்போட்டிலை கூட இப்பிடிச் சோதிக்கமாட்டாங்கள்" என்று கணவர் சிரிப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன், கார்த்திகை விளக்கீட்டன்று, எங்கள் கதவுக்கு வெளியே சிட்டி விளக்குகளை ஏற்றினேன். மதாமும் பார்க்க வந்து தன் வாசலில் நின்றார். ஏழு வயது மகள் புது நைலோன் பாவாடையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் போத்தலை எடுக்க உள்ளே திரும்பினேன். அலறல் கேட்டது. பாவாடை விளிம்பு எரிந்துகொண்டிருந்தது. என் கால்கள் அசையவில்லை. மதாம் தன் வீட்டுச் சுவரிலிருந்த விரிப்பைப் பிடுங்கிவந்து, பிள்ளையைக் கிடத்திச் சுருட்டி, மேலே விழுந்து அழுத்திப் பிடித்தார். கம்பளி இலேசில் தீப்பற்றாது. புகைந்து கருகியது, அவ்வளவுதான். விரித்துப் பார்த்தால் முழங்காலில் ஒரு கொப்புளம் மட்டும்.

"மதாம், நான் கை கழுவேல்லை" என்று மகள் பிரெஞ்சில் விம்மினாள். அப்போதுதான் மதாம் நிலத்தில் அமர்ந்து அழத் தொடங்கினார்.

கருகலைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மறுபக்கம் திருப்பி மாட்டும்படி கெஞ்சினேன். "ஏன்? இப்போதுதான் இதற்கு முன்பக்கம் என்று ஒன்று வந்திருக்கிறது" என்றார்.

அதன்பிறகு நான் விளக்கீட்டுக்கு விளக்கே ஏற்றவில்லை. இந்த வருடம் மதாம் லியோனில் உள்ள மகனிடம் போய்விட்டார். விரிப்பை எங்களிடம் தந்துவிட்டுப் போனார். நான் பயப்படுவேன் என்று கணவர் கருகலைச் சுவர்ப் பக்கமாக வைத்து மாட்டினார். பள்ளியால் வந்த மகள் புத்தகப்பையைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, இது பின்பக்கம்."

கை கழுவிக்கொண்டு வந்து, கதிரையில் ஏறித் தானே திருப்பி மாட்டினாள்.

அன்று விளக்கீடு. குசினித் தொட்டிக்குள், தண்ணீர்க் குழாயின் கீழே, ஒரேயொரு சிட்டியை ஏற்றினேன். "தண்ணிக்குள்ளையே கொளுத்தியிருக்கலாம்" என்று மகள் கேலி செய்தாள். பருத்திச் சட்டையோடு, நான் சொன்ன தூரத்திலேயே நின்றாள்.