ஸ்பானருக்கு லீவு

மேற்கு மாம்பலத்தில் எங்கள் மாடிப்படிக்கு அடியில்தான் என் ஒர்க் ஷாப். அப்பா ஓட்டி ஓய்ந்த சைக்கிளை நாலு நாளாகப் பிரித்து, துருவைத் தேய்த்து, செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்திருந்தேன். பின் சக்கரத்தை மாட்டி நட்டை முடுக்குவதுதான் பாக்கி.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அடையாறில் ஒரு மருந்துக் கடையில் டெலிவரி வேலை. "விஜயதசமி, நல்ல நாள். எட்டு மணிக்கு சைக்கிளோட வா. இல்லன்னா வேற ஆளு ரெடியா கீறான்" என்று ஓனர் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் குளித்துவிட்டு வந்தால் என் டூல் பெட்டி காலி. ஸ்பானர், சுத்தி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் சந்தனம் குங்குமத்தோடு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தன.

"இன்னாம்மா இது? ஸ்பானர குடு."

"பூஜைல வச்சாச்சு. நாளைக்குப் பத்தரைக்கு மேல கற்பூரம் காட்டிட்டுத்தான் எடுக்கணும்."

வருஷம் முழுக்க "இந்தக் குப்பையை எடைக்குப் போடு" என்று திட்டியவர். இன்றைக்கு மட்டும் அது சாமியாம்!

கையாலேயே முடுக்கிப் பார்த்தேன். ஏறி மிதித்ததும் சக்கரம் சாய்ந்து ஃபிரேமில் உரசியது. தெருமுனை மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் ஸ்பானருக்கும் பொட்டு.

"இன்னிக்கி தொட மாட்டேன் நைனா. இந்தா, பொரி துன்னு."

பொரியை வைத்து நட்டை முடுக்கவா?

கொதித்துப்போய் நேராக சமையலறைக்குள் நுழைந்தேன். கரண்டி, கத்தி, கேஸ் லைட்டர், மிக்ஸி ஜார் எல்லாவற்றையும் அள்ளி வந்து ஸ்பானர் பக்கத்தில் அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு, ஒரு பூ.

சுண்டல் தாளிக்க வந்த அம்மா கத்தினார். "டேய், கரண்டி எங்கடா?"

"தொடாதம்மா. அதுவும் ஆயுதம்தான். நாளைக்குப் பத்தரைக்கு மேல."

"அவன் சொல்றதும் நியாயந்தானே?" என்றார் அப்பா.

"உங்களுக்கு சுண்டல் வேணுமா வேணாமா?"

அம்மா குனிந்து கரண்டியை எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பானரையே கொஞ்ச நேரம் முறைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்க. முடுக்கிட்டு, தொடச்சு, இருந்த எடத்துலயே வை."

முடுக்கினேன். சக்கரம் உரசாமல் சுற்றியது. ஸ்பானரைத் துடைத்து வைத்தேன். அம்மா மறுபடி பொட்டு வைத்தார். கரண்டி மட்டும் பூஜைக்குத் திரும்பவே இல்லை.

"இதுக்கு மட்டும் லீவு கிடையாதாம்மா?" என்று கேட்டேன். அந்தக் கரண்டியாலேயே தோளில் ஒன்று விழுந்தது.

மறுநாள் எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, அடையாறு மருந்துக் கடை வாசலில் பெல் அடித்தேன்.