நான் பிய்த்த மூன்று மூலைகள்

அந்தத் தையல் தானாக அறுந்துபோகவில்லை. நான்தான் பிய்த்தேன். பற்களால் கடித்து, விரல்களால் இழுத்து, மூன்று மூலைகளைப் பிய்த்தேன். பிய்த்துவிட்டு, தைத்தவர் மீது பழியைப் போட்டேன்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். நான் என்னை நினைப்பதைவிடக் கேவலமாக உங்களால் நினைத்துவிட முடியாது.

எல்லாம் ஒரு விளையாட்டு ராக்கெட்டுக்காக என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆமாம், காகிதக் குழாயில் நானே செய்த, என் இடுப்பளவுகூட இல்லாத ராக்கெட். அதற்காக ஒரு மனிதருக்குத் தன் கைகள் மீதிருந்த நம்பிக்கையைப் பறித்தேன்!

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கோவையில் பொறியியல் முடித்துவிட்டு, திருப்பூரில் அப்பாவின் பனியன் கம்பெனியில் வந்து உட்கார்ந்திருந்தேன். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா வரம்பை எடுக்கப்போகிறார்கள், இனி ஆர்டர் கொட்டப்போகிறது என்று ஊரே பரபரத்துக்கொண்டிருந்த காலம். எனக்கோ ஆர்டரிலும் நூலிலும் மனம் ஒட்டவில்லை. பிரவுசிங் சென்டரே கதியென்று கிடப்பேன். வெளிநாடுகளில் பொழுதுபோக்காக ராக்கெட் விடுகிறவர்களின் படங்களை அச்செடுத்து வந்து, அலுவலக மேசையின் இழுப்பறையில் அடுக்கி வைப்பேன்.

ஒருநாள் நானே செய்யத் தொடங்கினேன். துணி ரோல் சுற்றி வரும் காகிதக் குழாய்தான் உடல். நூல் சுற்றி வரும் கோன்தான் தலை. மெல்லிய பலகையில் அறுத்த மூன்று இறக்கைகள். உள்ளே வைக்கும் மோட்டாரைக் கல்லூரி நண்பன் ஒருவன் வாங்கித் தந்தான். மேலே போனதும் அந்த மோட்டாரே உள்ளிருந்து ஓர் உதை கொடுக்கும். தலை கழன்றுகொள்ளும். உள்ளே மடித்து வைத்திருக்கும் பாராசூட் வெளியே வந்து விரியும். ராக்கெட் அலுங்காமல் தரையிறங்கும். இதுதான் கணக்கு.

ஐந்து மாதம் அதையே கட்டிக்கொண்டு அழுதேன். வெள்ளி நிறத்தில் வண்ணம் பூசினேன். காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பூசினேன்.

பாராசூட்டைத் தைத்துக் கொடுத்தவர் சவரிமுத்து. எங்கள் கம்பெனியின் சாம்பிள் டெய்லர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மனைவியோடு பிழைக்க வந்தவர். நாற்பதைத் தாண்டியவர். ஆர்டர் தரும் வெளிநாட்டுப் பையருக்குப் போகும் முதல் பீஸ் எப்போதும் அவர் கையால்தான் தைக்கப்படும். செக்கிங் பெண்கள் அவர் தைத்ததைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை!

லைனிங் துணியை அவரிடம் நீட்டியபோது அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

"மனுசன் போடுத துணியத்தான் இம்புட்டு நாளும் தச்சிருக்கேன் தம்பி. வானத்துல போற துணிய இப்பத்தான் தைக்கப்போறேன்."

எட்டு மூலைகள். மூலைக்கு ஒரு கயிறு. மதியச் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து மூன்று நாளில் தைத்து முடித்தார். அப்படியொரு சீரான தையலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதை உள்ளே மடித்து வைத்துத் தலையைப் பொருத்தும்போது அவர் பக்கத்தில் நின்றிருந்தார். தலை சற்றே தொளதொளவென்று ஆடியது. உடலுக்கும் தலைக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது எனக்கு. கோனின் உட்புறத்தில் டேப்பைச் சுற்றினேன். போதவில்லை. மேலும் சுற்றினேன். தலை கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

சவரிமுத்து அதைத் தொட்டுப் பார்த்தார். "தம்பி, இந்தத் தலை ரொம்ப இறுக்கமால்லா இருக்கு... மேல போய்க் கழலுமா?"

"அதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கேனுங்க" என்றேன்.

ஒரு கணக்கும் போடவில்லை! அழகுக்காகச் சுற்றினேன். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குண்டடத்துக்கு அருகே எங்கள் தோட்டத்தில் விடுவதாக ஏற்பாடு. சோளம் அறுத்து முடித்த காடு. கம்பெனியிலிருந்து பதினைந்து பேரை வேனில் அழைத்துப் போயிருந்தேன். அப்பாவும் வந்திருந்தார். அவர் வாய்விட்டு யாரையும் பாராட்டியவரல்லர். ராக்கெட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, தீவாளிக்கு இன்னும் நாளிருக்குதே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து நிற்கப்போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரையும் வேலியோரமாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒயரைப் பேட்டரியில் தொட்டேன்.

சீறியது. கிளம்பியது. அந்த ஒரு நொடி... அந்த ஒரே நொடி, நான் கடவுளைப் போல நின்றிருந்தேன்!

பிறகு அது சாய்ந்தது. நேராகப் போகவில்லை. கள் குடித்தவனைப் போலத் தள்ளாடிக்கொண்டு, தென்னை மரத்தின் உயரம்கூட எட்டாமல் ஒரு பக்கமாக வளைந்தது. தலை கழலவில்லை. எதுவும் விரியவில்லை. மூக்கு கீழே திரும்பி, சோளத் தட்டைகளுக்கு நடுவே சொத்தென்று குத்தி நின்றது.

அவ்வளவுதான். ஐந்து மாதத்துக்கு ஆறேழு நொடி.

வேலியோரத்தில் யாரோ கைதட்டினார்கள். இதுதான் வித்தையே என்று நினைத்துவிட்டார்கள் போலும். அந்தக் கைதட்டலைவிட அவர்கள் என் மீது காறித் துப்பியிருக்கலாம்.

நான் ஓடினேன். எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தேன். கிட்டத்தில் அதைப் பார்த்தேன். நசுங்கிய அட்டை. ஓர் இறக்கை பிய்ந்து தொங்கியது. வெள்ளிப் பூச்சு பொருக்குப் பொருக்காக உரிந்து, உள்ளேயிருந்த பழுப்புக் காகிதம் பல்லிளித்தது. கந்தக நாற்றம். இதையா நான் தடவித் தடவிப் பார்த்தேன்? இதையா கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன்?

தலையைப் பிடித்துத் திருகினேன். வரவில்லை. முழங்காலால் அழுத்திக்கொண்டு இழுத்தபோதுதான் வந்தது. அந்த அளவுக்கு இறுக்கியிருந்தேன். உள்ளே பாராசூட் நான் மடித்து வைத்தபடியே இருந்தது. கொஞ்சம் கரி படிந்திருந்தது. ஒரு தையலும் பிசகவில்லை. எட்டு மூலையும் எட்டு மூலையாக இருந்தன.

அப்போது திரும்பிப் பார்த்தேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். இன்னும் நூறடி இருக்கும்.

நான் யோசித்தேனா? நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். அதுதான் அசிங்கம்! பதற்றத்தில் கை செய்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டேன். எந்த மூலை என்று தேர்ந்தெடுத்தேன். ஒன்று போதாது, எட்டும் அறுந்தால் நம்ப மாட்டார்கள் என்று கணக்குப் பார்த்தேன். ராக்கெட்டுக்குப் போடாத கணக்கு! கயிறு அசையவில்லை. தையல் அவ்வளவு உறுதி. பல்லால் கடித்து நூலை நறுக்கி, பிறகு இழுத்தேன். வாயெல்லாம் கரி. மூன்று மூலைகள். துணியை வெளியே இழுத்து மண்ணில் பரப்பினேன். கோனுக்குள்ளிருந்த டேப்பைச் சுரண்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"தையல் விட்டுப்போச்சுங்கப்பா."

ஒரே வாக்கியம். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் ராக்கெட் ஏன் சாய்ந்தது என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் ராக்கெட்டைப் பற்றித் தெரியாது.

அப்பா அந்தத் துணியைக் கையில் தூக்கிப் பார்த்தார். அவர் யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். 'ங்க' போட்டே அறுப்பார். "ஏனுங்க சவரிமுத்து, ஒரு முழத் துணி... இதையே ஒழுங்கா அடிக்கலீன்னா, பையருக்குப் போற பீஸ உங்கள நம்பி எப்படீங்க குடுக்கறது?"

பதினைந்து பேர் முன்னால் கேட்டார்.

சவரிமுத்து துணியை வாங்கினார். பிய்ந்த மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் நீவிப் பார்த்தார். நாள்தோறும் தையல் பிரிக்கும் கை அது. கடித்த நூலுக்கும் அறுந்த நூலுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியாதா? இத்தனை ஆண்டுகளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று அவர் கண்களில் நான் சந்தேகத்தைத் தேடினேன். இல்லை... துளியும் இல்லை. தம்பி பொய் சொல்வான் என்ற எண்ணமே அவருக்குள் நுழையவில்லை. என்னை நம்புவதற்காகத் தன் கைகளைக் கைவிட்டார்.

"என் தப்புதான் மொதலாளி" என்றார்.

மறுநாள் அவரைச் சாம்பிள் பகுதியிலிருந்து எடுத்து, ஆர்டரை மொத்தமாகத் தைத்துத் தள்ளும் லைனில் உட்கார வைத்தார்கள். நான் தடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். என் அறைக் கண்ணாடி வழியாக, அவர் தன் டிபன் பாக்ஸையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு இடம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நடந்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. அவர் ஒவ்வொரு தையலையும் இரண்டு முறை அடிக்கத் தொடங்கினார். அடிப்பார், இழுத்துப் பார்ப்பார், மறுபடி அதன்மேலேயே அடிப்பார். மற்றவர்கள் பத்து பீஸ் முடிக்கும் நேரத்தில் அவரிடம் நான்கு நிற்கும். கைக்குழந்தைச் சட்டைக்கான ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தைத்தவை கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன.

"என்னங்க இது, கழுத்துப்பட்டி அட்டையாட்டம் நிக்குது!" என்று சூப்பர்வைசர் கத்தினார். "பச்சக் கொழந்தைக்குப் போடறதுங்க இது!"

"அறுந்துரக் கூடாதுல்லா சார்..." என்றார் சவரிமுத்து.

லைனில் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குப் 'பாராசூட்' என்று பெயர் வைத்தார்கள். யார் பீஸில் நூல் விட்டாலும், "பாராசூட் அண்ணன்கிட்டக் குடுங்க" என்பார்கள். நான் அந்த வழியாக நடந்து போயிருக்கிறேன். கேட்டுக்கொண்டே போயிருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் சவரிமுத்து வேலையை விட்டு நின்றுகொண்டார். கடைசிச் சனிக்கிழமை மாலையில் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பொட்டலம்.

"ஒங்க அஞ்சு மாசப் பாட்ட என் கை கெடுத்துட்டு தம்பி. புதுசா ஒண்ணு தச்சிருக்கேன். இது அறாது."

பிரித்துப் பார்த்தேன். இன்னொரு பாராசூட். மூலைக்கு மூலை நான்கைந்து தையல். மிதியடியைப் போலக் கனத்தது. எந்த ராக்கெட்டும் அதைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது.

சரி என்று வாங்கிக்கொண்டேன். அவர் போனதும், கட்டிங் வேஸ்ட் மூட்டை ஒன்றுக்குள் அதைத் திணித்தேன். மேலே தெரியாதபடி ஆழமாகத் திணித்தேன்.

நான் மறுபடி ராக்கெட் செய்யவில்லை. "பாவம், மனசு ஒடஞ்சு போச்சு தம்பிக்கு" என்று ஊர் எனக்காக வருந்தியது. அந்த வருத்தத்தையும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

நான்கைந்து ஆண்டுகள் கழிந்தன. அப்பா ஓய்ந்து, கம்பெனி என் பொறுப்புக்கு வந்திருந்தது. துணி விஷயமாக அவிநாசி சாலைப் பக்கம் துணி சுருங்காதபடி அழுத்திக் கொடுக்கும் ஒரு காம்பாக்டிங் பட்டறைக்குப் போனேன். கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் என் காரை உற்றுப் பார்த்தார். பிறகு, "தம்பி!" என்று ஓடி வந்தார். சவரிமுத்து.

நீலச் சட்டை. மேல் பொத்தான் விழுந்த இடத்தில் ஓர் ஊக்கு குத்தியிருந்தது. என் கண் அங்கே போனதை அவரும் கவனித்துவிட்டார். கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"இப்ப ஊசியத் தொடுததில்ல தம்பி. கை மேல நம்பிக்க போயிட்டு."

அவருடைய மனைவி அப்போதுதான் சோறு கொண்டுவந்திருந்தார். அவரிடம் என்னைக் காட்டி, "நான் சொல்லுவேம்லா, ராக்கெட் விட்ட தம்பி... இவங்கதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கார்க் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அது இன்னமும் மனசுல கெடந்து அறுக்கு தம்பி. எம்புட்டுப் படிப்பு படிச்ச புள்ள... என்னால விட்டுப்போச்சேன்னு."

இதோ, இதுதான் தருணம். ஒரே வாக்கியம். அன்று சோளக்காட்டில் சொன்னதைவிடக் குறைவான சொற்கள் போதும். நான் வாயைத் திறந்தேன்...

"அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேனுங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

கேட்டீர்களா? நான் அவரை மன்னித்தேன்!

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய மனைவியும் கும்பிட்டார். "இப்பத்தான் தம்பி நெஞ்சு லேசாச்சு" என்றார் சவரிமுத்து. என் கையை நான் இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

கிடைத்த நிம்மதியைக் கெடுப்பானேன் என்றுதான் சொல்லவில்லை என்று சில காலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய். உண்மை தெரிந்தால் அவருக்கு அவருடைய கைகள் திரும்பக் கிடைத்துவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு என்ன மிஞ்சும்? அந்த ஒரு கேள்வியால்தான் வாய் மூடிக்கொண்டது. இன்றும் மூடியே இருக்கிறது.

அந்தப் பட்டறை என் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரம். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து என் துணியை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டேன்.

உங்களிடம் சொன்னேன். அவரிடம் சொல்லவில்லை.