மாமா காருக்கு அடியில் படுத்த ஞாயிறு

ஒரு காருக்கு அடியில் என்னதான் இருக்கும் என்பது சின்ன வயதில் எனக்கு வெகுநாள் சந்தேகம். அதைத் தீர்த்துவைக்கும் புண்ணியம் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் ஒரே தம்பிக்கு, வாய்த்தது.

பெங்களூரில் யாரோ ஓட்டி அலுத்துப்போன கர்நாடகா நம்பர் கார் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். முன்பக்கம் இடது சக்கரத்தில் கடகடவென்று ஒரு சத்தம். அது தெருமுனையில் கேட்டதுமே அம்மா டீக்கு அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். மறுநாள் மாமாவுக்குப் பெண் பார்க்கச் சிங்காரப்பேட்டைக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை இறங்குவதற்குள் கார் ஊரைக் கூட்டிவிடக் கூடாதே என்று மாமாவுக்குக் கவலை. ஞாயிறு என்பதால் மெக்கானிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். தானே சரிசெய்துவிடலாம் என்று மாமா செல்போனில் வீடியோ பார்த்தார். காரைத் தூக்கியதும் இரும்புத் தாங்கி வைக்க வேண்டும் என்று வீடியோக்காரர் சொன்ன இடத்தில், நம்மிடம்தான் அது இல்லையே என்று விரலால் தள்ளிவிட்டார்.

எதிர்மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓசூரில் எந்தத் தெருவில்தான் கட்டவில்லை! அங்கிருந்து இரண்டு ஹாலோ பிளாக் கற்கள் வந்தன. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைத்தார்; அதுவரை எல்லாம் சரி. ஜாக்கியைச் சுற்றச் சுற்றக் கார் ஒரு பக்கமாக எழுந்தது. சக்கரத்தைக் கழற்றினார். கற்களை அடுக்கி அவற்றின்மேல் காரை இறக்கி, ஜாக்கியையும் எடுத்துவிட்டார். அத்தனை பெரிய காரை நடுவில் ஓட்டையுள்ள கற்கள் தாங்கியதை நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

அப்போதுதான் அம்மா வந்தாள். அவளுக்கு வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. மெஷினில் கை வைக்கும் முன் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். அப்பா ஃபேன் துடைக்க ஏறினால் மெயின் சுவிட்சுக்குக் காவல் நிற்பாள். முதல் வேலையாகக் கார் சாவியை வாங்கி இடுப்பில் செருகினாள். பிறகு கற்களைப் பார்த்தாள்.

"இன்னாடா இது? செவுத்துக்கு வெக்கிற கல்ல காருக்கு வெச்சிருக்க?"

"ஒன்னும் ஆவாதுக்கா. வூட்டையே தாங்குது, காரத் தாங்காதா?"

"கழட்டுன சக்கரத்தையாவது அடியில தள்ளு. ஒன்னு போனா இன்னொன்னு இருக்கணும்."

"இது வூடுக்கா, உன் கம்பெனி இல்ல."

"தள்ளலன்னா நாளைக்கி நான் வரல. பொண்ணு வூட்ல நீயே பேசிக்க."

அக்கா இல்லாமல் பெண் பார்ப்பதா? மாமா முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தைப் படுக்கவைத்துக் காருக்கு அடியில் தள்ளினார். பிறகு தானும் நுழைந்தார். நானும் குனிந்தேன், அம்மா பின்னலைப் பிடித்து இழுத்து வாசற்படியில் நிறுத்தினாள்.

"உள்ள இன்னா தெரியுது மாமா?"

"உன் ஸ்கூலு தெரியுது பாப்பா."

ஏதோ போல்ட் இறுகியிருந்தது போலும். மாமா ஸ்பேனரை ஓங்கி இழுக்க, கார் லேசாக அசைந்தது. கல் மளுக்கென்று நொறுங்கியது. கார் டொம்மென்று இறங்கிச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்தது.

வெளியே நீட்டியிருந்த மாமாவின் கால்கள் அசையவில்லை. "டேய்!" என்று அம்மா கத்தினாள். அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. பிறகு கால்கள் மெல்ல ஊர்ந்தன. முகமெல்லாம் சிமெண்டுத் தூளோடு மாமா முழுசாக வெளியே வந்தார். அவர் மூக்குக்கும் காருக்கும் நடுவே நாலு விரல் இடம்தான் மிச்சம் இருந்ததாம். அம்மா திட்டவில்லை. அவர் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கோ ஆயிரம் கேள்விகள். கல் ஏன் அப்படித் தூளானது? சக்கரம் ஏன் நசுங்கவில்லை? மறுபடி தூக்கினால் மறுபடி விழுமா? கேட்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி மூடியை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. மிக்சிதான் ஆட்டுகிறது என்று நினைத்தேன். என்ன சட்னி என்று எட்டிப் பார்த்தால் ஜாரில் ஒன்றுமே இல்லை.

இதைவிட வேடிக்கை உண்டா? ஓடிப்போய் மாமாவிடம் சொல்லிச் சிரித்தேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கும் மாமா அன்று சிரிக்கவில்லை. தூளைக்கூடத் தட்டாமல் உள்ளே போய் அக்காவின் பக்கத்தில் நின்றார். அவரும் மிக்சியை அணைக்கவில்லை. வெறும் ஜார் ஓடினால் மோட்டார் புகைந்துவிடுமே, பெரியவர்கள் இரண்டு பேருக்கும் இதுகூடவா தெரியாது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டு நின்றேன்.