வெள்ளைத் திட்டும் இரண்டு ரத்தச் சீட்டும்

அறையில் டாக்டரம்மா இருந்தார். என் வீட்டுக்காரி இருந்தாள். அவள் தம்பி இருந்தான். நான் இருந்தேன். மற்ற மூன்று பேருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, என்னிடம் மட்டும் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சேலத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி அது. என் இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. குழம்பு பட்டால் எரியும். நான் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். புகையிலைப் பாக்கை அந்தக் கன்னத்தில்தான் அடக்குவேன்.

முதல் தடவை போனபோது கையில் ரத்தம் எடுத்தார்கள். வாய்ப் புண்ணுக்குக் கையில் எதற்கு ஊசி? அப்போதே எனக்குச் சந்தேகம். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று பார்க்கவாம். சி.ஆர்.பி. என்று பெயர் சொன்னார்கள். அது ஏறியிருந்தது. பத்து நாள் கழித்து மறுபடி எடுத்தார்கள். இறங்கியிருந்தது.

இரண்டு சீட்டையும் மேஜையில் வைத்தேன்.

"யாரோட ரத்தமுங்க இது?" என்று கேட்டேன். "மாத்திக் கீத்திக் குடுத்துட்டீங்களா?"

"உங்களோடதுதான்" என்றார் டாக்டரம்மா. "நடுவுல மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

வீட்டுக்காரி பையைத் திறந்தாள். ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

"இதத்தானுங்க நெதமும் முழுங்கறாரு."

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கட்டித் தரும் செட் மாத்திரை. பைப் தூக்கி இடுப்பு வலித்தால் வண்டியில் எல்லோரும் போடுவோம். அதைப் போட்டால் வாய் எரிச்சலும் அடங்கியது. அதனால் இந்தப் பத்து நாளும் விடாமல் போட்டேன். அது மருந்துக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கு அது டீ மாதிரி.

டாக்டரம்மா பொட்டலத்தில் ஒரு சின்ன மாத்திரையை விரலால் தள்ளினார்.

"இது ஸ்டீராய்டு மாதிரி இருக்கு. அழற்சிய அமுக்கிடும். அதான் ரத்தத்துல எண் எறங்கிடுச்சு. திட்டு அப்படியேதான் இருக்கு."

"அப்ப மொதல்ல ஏறுனது புத்துநோயிங்களா?"

"அதையும் ரத்தம் சொல்லாது. சொத்தைப் பல்லுக்கும் ஏறும், சளிக்கும் ஏறும். திட்டுல துளி சதை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

கடைசியில் கத்தியில் வந்து நிற்கிறது என்று நினைத்தேன். இதற்காகத்தான் மைத்துனன் எனக்கு முன்னாலேயே உள்ளே போய்ப் பேசியிருக்கிறான். கத்தி பட்டால் புற்று பரவும் என்பார்கள். எங்கள் வண்டியில் ஒரு டிரில்லர் அப்படித்தான் செத்தார் என்று பேச்சு. எத்தனை வருடம் வைத்திருந்துவிட்டு அவர் காட்டினார் என்று யாரும் சொன்னதில்லை.

"கத்தி பட்டுப் பரவாது" என்றார் டாக்டரம்மா. "நாள் போனாத்தான் பரவும்."

நான் எழுந்துவிட்டேன்.

"ஏனுங் மச்சான்" என்றான் மைத்துனன், "ஆயிரம் அடி ஓட்ட போடற ஆளு, பயறளவு சதைக்கு ஓடறீங்களே?"

"நீ வாய மூடு. நீதான் கூட்டியாந்த."

வீட்டுக்காரி சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழவும் இல்லை.

"தேங்காய உள்ளங்கையில வெச்சு நீரோட்டம் பாக்கறவனக் கண்டா உங்களுக்கு ஆகாது. 'எறக்கிப் பாக்காம எவனுக்குடா தெரியும்'னு வைவீங்க. இப்ப மட்டும் மேலாப்புல பாத்தாப் போதுமாக்கும்?"

முப்பது அடி இறங்கிய பிறகு மேலே வரும் கல்தூளைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் நானே பேசுவேன். அதற்கு முன் தோட்டத்துக்காரர் காலில் விழுந்து கேட்டாலும் சொன்னதில்லை.

உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். முழுதும் திறக்கவில்லை. திறந்த மட்டும் போதும் என்றார் டாக்டரம்மா. மரத்துப்போக ஊசி. அப்புறம் கிள்ளிய மாதிரி இருந்தது. சதையைச் சின்ன டப்பாவில் போட்டார்கள். டப்பாவில் என் பேரை எழுதும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் சொன்னார்கள். புற்று இல்லை. புற்றாக ஆகக்கூடிய மாற்றம் தொடங்கியிருக்கிறது. பாக்கை விட வேண்டும். செட் மாத்திரை கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்ட வேண்டும்.

"நெசமாத்தான் சொல்றாங்களா?" என்று பஸ்ஸில் வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"அடுத்த மொறையும் போயிக் கேளுங்க" என்றாள்.

பாக்கை விட்டாயிற்று. சந்தேகத்தை விடவில்லை. திட்டு கூடியிருக்கிறதா என்று நானே கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். டாக்டரம்மா சொல்வதும் நான் பார்த்ததும் ஒத்து வந்தால் ஊருக்கு பஸ் ஏறுவேன்.

இதுவரை ஐந்து முறை.