மிஸ் போட்டுத் தந்த சீனி

கணவர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு நித்திரை இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் மனக்கவலை கேட்டு ஆலோசனை சொல்ல, உளவளத்துணைக்கென்று ஓர் அறை இருக்கிறது, அங்கே போ என்றார்கள். கொக்கட்டிச்சோலையிலிருந்து செவ்வாய்தோறும் பஸ் ஏறினேன். அங்கிருந்த மிஸ் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் பேசும்போது குறுக்கே விழாமல் கேட்ட முதல் மனிதர் அவர்தான். என் வீட்டில் அந்த வழக்கமே இருந்ததில்லை.

ஒரு செவ்வாய் கூனி இறாலில் சுண்டல் செய்து கொண்டுபோனேன். "ஐயோ, வேணாம் அக்கா" என்றவர் பிறகு வாங்கிக்கொண்டார். அடுத்த கிழமை என் சில்வர் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே ஒரு பிடி சீனி. எங்கள் பக்கத்தில் ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. உறவென்று நினைப்பவர்கள் எதையாவது போட்டுத்தான் தருவார்கள். அந்தச் சீனியை நான் தேத்தண்ணிக்கு எடுக்கவில்லை, தனிப் போத்தலில் போட்டு வைத்தேன். நாற்பத்தெட்டு வயதில் வெட்கங்கெட்ட வேலைதான். பிறகு கிழமை தவறாமல் ஏதாவது கொண்டுபோனேன், கிழமை தவறாமல் சீனி வந்தது. வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தவர்களைப் பார்த்து, பாவம், இதுகள் வெறும் நோயாளிகள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறாம் மாதம் ஒருநாள் நேரத்தோடு போய்விட்டேன். பக்கத்து அறையில் துப்புரவு வேலை செய்யும் பெண் ஏழெட்டுப் பெட்டிகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் சீனி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னுடையதும் அதற்குள் கிடந்தது.

"இதெல்லாம் ஆருட, புள்ள?"

"மிஸ்ஸிட்ட வாற ஆக்கள் கொண்டுவாறது அக்கா. அவ ஒண்டும் தின்னமாட்டா, எங்களுக்குத் தந்திருவா. வெறும் ஏனம் குடுக்கப்படாதெண்டு நான்தான் சீனி போடுறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஸ் செய்த குற்றம் என்ன என்று என்னையே கேட்டால் பதில் இல்லை; அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவரை ஒருதரமாவது பதற வைக்க வேண்டும் என்ற வெறியோடு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"மிஸ், எனக்கு இப்ப நல்ல சுகம். நித்திரையும் வருது. இனி வரத் தேவையில்ல போல."

பச்சைப் பொய். முந்தின நாள் இரவும் கண் மூடவில்லை. இல்லை அக்கா, நீங்கள் வரத்தான் வேண்டும் என்று என் கையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

"உண்மையாவா அக்கா?"

"ஓம்."

அவர் பைலில் ஏதோ எழுதி மூடினார். "எனக்குச் சரியான சந்தோசம் அக்கா" என்று வாய் நிறையச் சிரித்தார். அத்தனை மாதத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.